பக்கத்து வீட்டில் ஒரு பாஸ்போர்ட்

சிங்கப்பூர் கிளம்புவதற்கு முதல் நாள் என் மனைவியின் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுப் பூஜை அலமாரியில் வைத்தவன் நான்தான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லாததால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் வேதியியல் பாடம் எடுக்கிறேன். எதோடு எதைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

ஆறு நாள் பயணம். நான், மனைவி, எட்டு வயதுப் பெண், நாலு வயதுப் பையன். குழந்தைகளை வைத்துக்கொண்டு வெளிநாடு போவது பற்றி எங்கள் அடுக்ககத்தில் எல்லோருக்கும் கருத்து இருந்தது. எவரும் குழந்தைகளை வைத்துக்கொண்டு வெளிநாடு போனதில்லை. அங்கே குளியலறையில் மக் இருக்காது என்று ஒருவர் என் பையன் காதுபடச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவன் எங்கள் வீட்டு நீல மக்கைத் தூக்கிக்கொண்டே நடந்தான். அது இல்லாமல் விமானத்தில் ஏறமாட்டேன் என்றான். பெட்டியில் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, காய்ச்சல் மருந்து, அதற்கு மேல் நீல மக் என்று அடுக்கினோம். பெண் ஒரு நாற்காலியைப் போட்டுக் குடியேற்ற அதிகாரியாக உட்கார்ந்துகொண்டு, சமையலறைக்குள் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டாள். ஒரு வாரம் நான் அவளிடம் அனுமதி வாங்கித்தான் காப்பி குடித்தேன்.

இது என் மனைவியின் பயணம். அதை நான் விளக்கமாகச் சொல்ல வேண்டும். அவள் தென்னூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். இருபத்துமூன்று வயதில் அவளுக்கும் விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்த தோழிக்கும் சிங்கப்பூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தது. இரண்டு பேரும் ஒரே நாளில் பாஸ்போர்ட் எடுத்தார்கள். அந்த மாதம்தான் நான் அவளைப் பெண் பார்க்கப் போனேன். இப்படி ஒரு வேலை வந்திருக்கிறது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அவள் அப்பா எங்களைக் கேட்டார். கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் சொன்னோம். பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தோழி போனவள் போனவள்தான், அங்கேயே குடும்பம் என்று ஆகிவிட்டது. என் மனைவியின் பாஸ்போர்ட் ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதியானது. புதுப்பிக்கப் போனபோது அங்கிருந்த அலுவலர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்கயுமே போகலையா மேடம்?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் இந்தப் பயணத்தை மனதில் முடிவு செய்தேன். இதுவும் நின்றுபோனால் இன்னொரு முறை அவள் வாயைத் திறக்கமாட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

தோழி வீட்டில்தான் தங்கப்போகிறோம். விடுப்புக்காக என் மனைவி தீபாவளி அன்றைக்குக்கூட லேபுக்குப் போனாள். நான் டிக்கெட் எடுத்தேன். டிக்கெட் எடுக்கும்போது பஞ்சாங்கம் பார்க்கவில்லை.

அப்பா சென்னையில் அண்ணா வீட்டில் இருக்கிறார். அவர் பார்த்தார். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ஃபோன் செய்தார்.

"வியாழக்கிழமை அவளுக்குச் சந்திராஷ்டமம்டா" என்றார்.

"எங்க மூணு பேருக்கும்?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல. அவளுக்கு மட்டும்தான். சிங்கப்பூர் நமக்குத் தெற்கா, கிழக்கா?"

தென்கிழக்கு என்றேன். வியாழக்கிழமை தெற்கே சூலம், ஆகவே பாதி சூலம் என்று அவர் கணக்குப் போட்டார். சூலத்துக்குப் பரிகாரம் தைலம், எல்லார் தலையிலும் துளி நல்லெண்ணெய் வைத்தால் போதும். ஆனால் சந்திராஷ்டமத்துக்குப் பரஸ்தானம் வைத்தே ஆக வேண்டும்.

பரஸ்தானம் என்பது எளிய ஏற்பாடு. கிளம்ப வேண்டிய நாள் சரியில்லை என்றால் அதற்கு முந்தைய நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணம் போகிறவரின் சாமான் எதையாவது ஒரு பையில் போட்டு வேறொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் கிளம்பும்போது பையை வாங்கிக்கொண்டு போகலாம். கெட்ட நாள் வந்து பார்க்கும்போது ஆள் ஏற்கெனவே கிளம்பியாயிற்று, அதனால் ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. செய்யாமல் இருக்கும் தைரியமும் கிடையாது.

"போன தடவை மாதிரி பழைய துண்டை வச்சு ஏமாத்தாதே" என்றார் அப்பா. போன வருஷம் திருப்பதி போனபோது ஒரு பழைய துண்டைத்தான் வைத்தேன். மலை ஏறுவதற்குள் பையனுக்கு நூற்றிரண்டு காய்ச்சல். "முக்கியமான சாமானா வை. எது இல்லேன்னா அவளால போக முடியாதோ அதை வை."

மனைவியிடம் கேட்டேன். அவள் ரவா லட்டு பிடித்துக்கொண்டிருந்தாள். "மாமா மனசுக்காக வச்சுடுங்கோ. எனக்கு நேரமில்லை" என்றாள்.

எது இல்லையென்றால் அவளால் போக முடியாது என்று நான் யோசித்தேன். புடவை இல்லாமல் போகலாம். கண்ணாடி இல்லாமல்கூடத் தட்டுத்தடுமாறிப் போகலாம். யோசிக்க யோசிக்க விடை ஒன்றுதான் வந்தது. நாலு பாஸ்போர்ட்டும் ஒரு ஃபைலில் இருந்தன. அவளுடையதை மட்டும் எடுத்து, ஒரு மஞ்சள் கிழங்கோடு துணிப்பையில் போட்டு, புதன்கிழமை காலை நல்ல நேரத்தில் பக்கத்து வீட்டு டீச்சரிடம் கொடுத்தேன். டீச்சர் அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறார், கணவர் இல்லை, ஒரே பெண் கோயம்புத்தூரில் படிக்கிறாள். போன தடவை துண்டையும் அவர்தான் வாங்கி வைத்தார். பையை வாங்கிப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு, "நல்லபடியாப் போயிட்டு வாங்க சார்" என்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் வேலையைக் கச்சிதமாக முடித்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு டாக்ஸி வந்துவிட்டது. விமானம் பதினொன்றே முக்காலுக்கு. எல்லார் தலையிலும் எண்ணெய் வைத்தாயிற்று. பெட்டிகளை லிஃப்ட் முன்னால் அடுக்கிவிட்டு மனைவி ஃபைலைத் திறந்து ஒருமுறை எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"என்னோடது இல்லை."

"உன்னோடது டீச்சர் வீட்ல இருக்கு. பரஸ்தானத்துல" என்றேன். இப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று சாதாரணமாகப் போய் மணி அடித்தேன். பிறகு கதவில் தொங்கிய பால் பையைப் பார்த்தேன். எடுக்காத பால்.

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் திட்டியிருக்கலாம். அதற்குப் பதில் தன் ஃபோனை எடுத்தாள். அதில் டீச்சர் விடிகாலையில் அனுப்பிய குரல் செய்தி ஒன்று கேட்கப்படாமல் கிடந்தது. பச்சைமலையில் ஒரு பள்ளியில் இரண்டு நாள் பயிற்சி, போக வேண்டியவருக்கு உடம்பு சரியில்லை, நேற்று மாலைதான் உத்தரவு வந்தது, முதல் பஸ்ஸில் போகிறேன், பால் மட்டும் எடுத்துக் காய்ச்சிக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று சொல்லியிருந்தார். கூப்பிட்டோம். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. பதினோரு முறை அப்படியே வந்தது. பையன் பெட்டி மேல் உட்கார்ந்து விமானம் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். லிஃப்ட் வழியாக வரும் என்று நினைத்தான் போலிருக்கிறது.

எட்டே முக்காலுக்கு டீச்சரே கூப்பிட்டார். சிக்னலுக்காக ஒரு பாறை மேல் ஏறி நிற்பதாகச் சொன்னார். குரல் விட்டுவிட்டு வந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"பாஸ்போர்ட்டையா சார் வச்சீங்க?"

"ஆமா."

"பேருக்குத்தான வைப்பாங்க? நீங்க ஊருக்குப் போயிட்டு வந்து எடுத்துப்பீங்கன்னுல்ல நெனச்சேன்."

இன்னொரு சாவி மகளிடம் கோயம்புத்தூரில் இருந்தது. மலையிலிருந்து அடுத்த பஸ் மத்தியானம்தான். பூட்டை உடைக்கச் சொன்னார். நான் தயங்கினேன். "உடைங்க சார், டைம் ஆகுதுல்ல" என்று அதட்டினார். இருபத்தைந்து வருஷம் பிள்ளைகளை அதட்டிய குரல். டாக்ஸிக்காரர் தானே போய் ராஜகோபுரத்துப் பக்கம் சாவி போடுகிறவரை அழைத்து வந்தார்.

சாவிக்காரர் பூட்டைப் பார்த்தார், குனிந்து ஓட்டைக்குள் பார்த்தார், கதவைத் தட்டிப் பார்த்தார். இது புது மாதிரிப் பூட்டு, திறக்க வராது, நிலையோடு பெயர்க்க வேண்டும் என்றார். பெயர்த்தார். ஒன்பதரைக்கு நிலையில் ஒரு முழ நீளத்துக்கு மரம் பிளந்து கதவு திறந்துகொண்டது. என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிப்போய்ப் பையை எடுத்து வந்தாள். பாஸ்போர்ட்டில் மஞ்சள் ஒட்டியிருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்தாள். எனக்கு உயிர் வந்தது.

அப்போது டீச்சர் மறுபடி கூப்பிட்டார். குரல் சரியாகக் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டேன். அது என் இரண்டாவது தவறு.

"சார், திறந்தாச்சா? திறந்த வீட்டைப் போட்டுட்டுப் போயிராதீங்க சார். பொண்ணுக்குன்னு சேத்த நகையெல்லாம் பீரோவுலதான் இருக்கு. புடவைக்கு அடியில, பிஸ்கட் டப்பாவுல. பீரோ பூட்டு வேற சரியில்ல."

சாவிக்காரர் தன் உளியைத் துடைத்துப் பையில் போட்டார். "எனக்குக் காது கொஞ்சம் மந்தம் சார்" என்றார். அதுவரை அவருக்கு எல்லாம் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் நல்லவராகவே இருக்கலாம், இன்றுவரை அவர் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கதவை மூட முடியாது. தச்சர் சாயங்காலம்தான் வருவாராம். கீழ் வீட்டுக்காரர்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள், மேல் வீட்டுக்குச் சொந்தக்காரர் அமெரிக்காவில் இருக்கிறார். விமான நிலையத்தில் பத்தே முக்காலுக்குள் பெட்டியைப் போட வேண்டும், காவிரிப் பாலத்தைத் தாண்டவே அரைமணி ஆகும். யாராவது ஒருவர் அந்த வாசலில் உட்கார்ந்தாக வேண்டும்.

யார் என்ற கேள்வி எழவே இல்லை. என் மனைவி பெட்டியைத் திறந்து சாமான்களை இடம் மாற்ற ஆரம்பித்திருந்தாள். "தயிர்சாதம் இந்தப் பைல வச்சிருக்கேன். மேல ஏறும்போது அவனுக்குக் காது வலிக்கும், மிட்டாய் குடுத்து முழுங்கச் சொல்லுங்கோ. ஜன்னல் சீட் பாதி வழி இவளுக்கு, பாதி வழி அவனுக்கு, இல்லேன்னா அடிச்சுப்பா. காய்ச்சல் மருந்து அஞ்சு எம்.எல். போய் இறங்கினதும் என் ஃப்ரெண்டுக்கு ஃபோன் பண்ணுங்கோ, வந்து அழைச்சுண்டு போவா. நான் டிக்கெட் கிடைச்சா நாளைக்கு வரேன்." கறிகாய் வாங்கச் சொல்லும் குரலில் சொன்னாள். பாஸ்போர்ட்டைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடினாள்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அதையெல்லாம் கவனமாகக் கேட்டு மனதில் பதிய வைத்துக்கொண்டிருந்தேன். அஞ்சு எம்.எல்., பாதி வழி, மிட்டாய் என்று. அவள் தங்குவாள், நான் போவேன் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் தோன்றவில்லை. தப்புச் செய்தவன் நான் என்பதும், பயணம் அவளுடையது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பெண்தான் கேட்டாள். "அம்மா, அப்ப உன் சீட்ல யார் உக்காருவா?"

"யாரும் இல்லடி. காலியாப் போகும்" என்றாள் அவள்.

அந்தக் காலி இருக்கை எனக்குச் சுரீர் என்றது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒன்று போயிருக்கும்தானே. "நீ போ" என்றேன். "நான் இருக்கேன்."

"நீங்களா?"

"கதவைப் பார்த்துக்கறதுக்கு ஒரு ஆள் போதும்."

"ரெண்டு பேரையும் நான் தனியா எப்படி..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டாள். தினமும் அப்படித்தான் பார்த்துக்கொள்கிறாள் என்பது அவளுக்கே நினைவு வந்திருக்க வேண்டும். நான் வார்த்தையை மாற்றுவேனா என்று கொஞ்சம் காத்திருந்தாள். மாற்றவில்லை. நீங்கள் இல்லாமல் எப்படி, நீங்களும் வந்தால்தான் என்று அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று நானும் கொஞ்சம் காத்திருந்தேன். சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டாள். நாலு நிமிஷத்தில் டாக்ஸி தெருமுனையைத் திரும்பிவிட்டது. பையன் என்னிடம் கடைசியாகக் கேட்டது மக் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதைத்தான்.

டீச்சர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். தலையில் எண்ணெய், காலில் விமானத்துக்கென்று வாங்கிய புது ஷூ. டீச்சர் வீட்டுப் பாலைக் காய்ச்சிக் குடித்தேன், அது அவர் சொன்னதுதான். பத்தரைக்கு மனைவியிடமிருந்து செய்தி வந்தது: பெட்டி போட்டாச்சு. பதினொன்றேகாலுக்கு இன்னொன்று: ஏறியாச்சு. அதைப் படித்தபோது எனக்குத் தனியாகச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. படியில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

அப்பாவுக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொன்னேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"பரஸ்தானம் யாருக்கு வச்சே?"

"அவளுக்கு."

"கிளம்பினது யாரு?"

"அவதான்."

"அப்புறம் என்ன? உனக்கும் ஒண்ணு வச்சிருக்கணும்" என்றார். இதற்கு வேதியியலில் பதில் இல்லை.

தச்சர் சாயங்காலமும் வரவில்லை, மறுநாள் காலையும் வரவில்லை. ராத்திரி அந்தக் கதவுக்குப் பின்னால் டீச்சரின் கட்டிலை நகர்த்தி வைத்து அதிலேயே படுத்துக்கொண்டேன். வியாழக்கிழமை சாயங்காலமே, அங்கே போய்ச் சேர்ந்ததும் மனைவி கூப்பிட்டாள். குழந்தைகள் ரகளை செய்யவில்லை, அவனுக்குக் காது வலிக்கவில்லை, விமானத்தில் இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். நான் போயிருந்தால் தூங்கியிருக்க மாட்டார்கள் என்பது அவள் சொல்லாமலே புரிந்தது.

"தச்சர் வந்துட்டார்னா நாளைக்கு ராத்திரி கிளம்பி வரட்டுமா?" என்றேன்.

"வேண்டாமே" என்றாள். "ஆறு நாள்தானே. இருந்துக்கறோம்."

எனக்குக் கொஞ்சம் வலித்தது. சரி என்றேன். வெள்ளிக்கிழமை மாலை டீச்சர் வந்தார். பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு எனக்கு உப்புமா செய்து கொடுத்தார். தச்சர் சனிக்கிழமை வந்தார்.

செவ்வாய்க்கிழமை அவர்கள் திரும்பி வந்தார்கள். பெண் முழு விவரமும் சொன்னாள், பையன் விமானத்தில் கொடுத்த கரண்டியைக் காட்டினான். இருவரும் தூங்கிய பிறகு மனைவி கட்டிலில் உட்கார்ந்து துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்" என்றாள். "குழந்தைகளை அவ பார்த்துண்டா."

"உள்ள விட்டாளா?"

"உள்ள எதுக்கு? எதிர்த்தாப்ல ஒரு பெஞ்ச் இருந்தது. டூட்டி மாறற நேரம். எல்லாரும் வந்துண்டும் போயிண்டும் இருந்தா. ஒரு மணி நேரம் உக்காந்துண்டிருந்தேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே. நான் வந்திருந்தா நானே அழைச்சுண்டு போயிருப்பேனே."

"நீங்க வந்திருந்தா நான் சொல்லியிருக்கவே மாட்டேன்" என்றாள். கோபம் ஒன்றும் இல்லை. பையனின் சட்டையை உதறிப் பார்த்து அழுக்குக் கூடையில் போட்டாள்.

பிறகு, பெண் பார்க்கப் போன அன்று அவர்கள் வீட்டுக் கூடத்தில் பஜ்ஜித் தட்டை வைத்துக்கொண்டு அவள் அப்பாவுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நான் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"அப்போ உனக்குப் போகணும்னு இருந்ததா?"

"இருந்தது" என்றாள்.